திமிங்கலத்துக்குப் பல் டாக்டர்

கணினித் திரையில் ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்து நின்றது.

'இரண்டு கடிகாரங்களும் பொருந்தவில்லை. எதை வைத்துக்கொள்ள?'

கணினி 2.41 என்றது. அதனோடு வயரால் இணைந்திருந்த கையடக்க டைரி 1.41 என்றது.

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். மேஜை இழுப்பறையை இழுத்து, நேற்றுக் காலையிலிருந்து உள்ளே கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்தான். 2.41.

மூன்று மணிக்கு மகளின் நீச்சல் போட்டி. நீச்சல் குளம் ஸ்கூட்டரில் பதினைந்து நிமிடம், வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தால் இருபத்தைந்து. கையில் இருப்பது பத்தொன்பது.

வயரைப் பிடுங்கினான். டைரி சட்டைப் பைக்குள் போனது. ஒரு காலில் செருப்பை மாட்டியபடியே மனைவியின் மருந்துக் கடைக்கு போன் போட்டான். கடை நீச்சல் குளத்துக்கு நேர் எதிரே. மகளைக் கூட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது டைரி பன்னிரண்டு என்றது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று நினைத்தானே தவிர, கேட்கவில்லை.

"நான்தான். பாப்பாகிட்ட சொல்லு, வந்துக்கிட்டே இருக்கேன்னு."

"வந்துக்கிட்டே இருக்கறவர் எப்படிங்க வீட்டு போன்ல பேசறீங்க?"

"சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன். எத்தனை தடவைதான் உங்களுக்காக நான் சொல்றது? நீங்களே வந்து சொல்லுங்க."

வைத்துவிட்டாள்.

அவன் வேலை, அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடிப்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜர் இந்த டைரி டப்பாவை அவன் கையில் வைத்தார். நாள் குறிக்கும், ஞாபகப்படுத்தும், அலாரம் அடிக்கும். உள்ளங்கையில் அடங்கும், ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும்.

"ரெண்டு நாள் வீட்டுல வச்சுப் பாருங்க. திங்கக்கிழமை காலையில ஒரே ஒரு வார்த்தை போதும். நம்பலாமா, நம்பக் கூடாதா?"

நேற்று, சனிக்கிழமை காலை, சமையலறைச் சுவரிலிருந்து காலண்டரை இறக்கினான். அது தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான். கைக்கடிகாரம் இழுப்பறைக்குள் போயிற்று. இரண்டு நாளும் இந்த டப்பா சொல்வதுதான் நேரம் என்றான்.

"பால் பொங்கினாலும் இது மணி அடிக்குமா?" என்று மனைவி கேட்டாள்.

"குறிச்சு வச்சா அடிக்கும்."

"பாலுக்கே எப்பப் பொங்கப் போறோம்னு தெரியாது. உங்களுக்குத் தெரியுமாக்கும்."

கேஸ் சிலிண்டருக்குச் சொல்வது, மாமியாருக்கு போன் செய்வது, திரைச்சீலை துவைப்பது எல்லாம் உள்ளே போயின. மாமியாருக்கு உரிய அலாரம் அவன் தலையில் ஷாம்பு நுரையோடு இருந்தபோது அடித்தது. கதவுக்கு வெளியிலிருந்து மனைவி, "எங்கம்மா காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று குரல் கொடுத்தாள்.

பதின்மூன்று வயது மகள் சோபா நுனியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக அவள் அவனிடம் ஒற்றை வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவளுடைய முதல் போட்டிக்கு அவன் தேதியை மாற்றி நினைத்துக்கொண்டான். இரண்டாவதற்குப் போனபோது குளத்தில் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அன்று, கடைசி நிமிடத்தில் அகப்பட்ட ஒரு தப்பின் பின்னால் ஆபீஸிலேயே உட்கார்ந்துவிட்டான். ஊரார் தப்பெல்லாம் கண்ணில் படுகிறது. தன் தப்பு மட்டும் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது.

அவன் குச்சியால் எழுதியதை அவள் எட்டிப் பார்த்தாள். 'செவ்வாய் 5 மணி. திமிங்கலத்துக்குப் பல் டாக்டர்.'

சட்டென்று சிரித்துவிட்டாள். "என்னப்பா இது?"

"டம்மி. மொதல்ல பொய்யா ஒண்ணப் போட்டுப் பார்க்கணும். அதைச் சரியா ஞாபகப்படுத்துதா, நடுவுல முழுங்கிடுதான்னு. தாங்கினாத்தான் நிஜத்தை அதுகிட்ட கொடுக்கலாம்."

"தாங்கலைன்னா?"

"நிஜம் தப்பிச்சுது."

அவள் டப்பாவையும் அவனையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். "குடுங்க. என்னோடதை நானே போடறேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'ஞாயிறு 3 மணி. நீச்சல் போட்டி. அப்பா.' அலாரம் இரண்டு மணிக்கு.

"இதுக்கும் வரலைன்னா கோச்சுக்க மாட்டேன்ப்பா" என்றாள். "ஆனா இதுக்கப்புறம் எந்தத் தேதியும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

கத்தியிருந்தால் தேவலை. டப்பாவுக்கு விலை சொல்கிற மாதிரி அமைதியாகச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அவன் அலாரங்களைச் சோதித்தான். நாளைய அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க, நாளை வரை யாரும் காத்திருப்பதில்லை. கடிகாரத்தை முன்னே தள்ளினால் போதும். தள்ளினான், அடித்தது. மறுபடி தள்ளினான், அடித்தது. எட்டு முறை அடித்ததும் திருப்தியாகிக் கடிகாரத்தைப் பின்னுக்குக் கொண்டுவந்தான்.

ஒரு மணி நேரம் கூடுதலாக.

ரயில்வே கேட்டுக்கு வந்தபோது 2.53. கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று உலகத்தின் மொத்த நிலக்கரியையும் ஏற்றிக்கொண்டு போகிற தினுசில் ஊர்ந்தது. அது போய் முடிந்தும் கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கம் இன்னொன்று வருகிறதாம், இன்னும் பத்து நிமிடமாவது ஆகுமாம்.

பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. ஸ்கூட்டரை அங்கே சாய்த்தான்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் பார்த்துக்கங்க. ஸ்விம்மிங் பூல் வரைக்கும் ஓடிட்டு வந்துடறேன்."

"யாராச்சும் முழுகிட்டாங்களா?" என்றார் கடைக்காரர்.

"நான்தான் முழுகிக்கிட்டு இருக்கேன்."

கேட்டுக்கு அடியில் குனிந்து ஓடினான். தண்டவாளத்துக்கு நடுவே இடது செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று வயதில், ஞாயிற்றுக்கிழமை வெயிலில், ஒற்றைச் செருப்போடு ஓடுகிறவனுக்கு ஜனங்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

அவன் வந்து சேர்ந்தபோது நீச்சல் குளத்தின் வாசலில் சத்தமே இல்லை. கைதட்டல் இல்லை, விசில் இல்லை. இரும்புக் கதவில் சங்கிலியும் பூட்டும். படியில் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முடி காய்ந்திருந்தது. அவ்வளவு சீக்கிரமா எல்லாரும் போய்விட்டார்கள்?

"முடிஞ்சுடுச்சா?" அவனுக்கு மூச்சே முழுசாக வரவில்லை.

அவள் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மூணு நாலு."

படியில் சரிந்து உட்கார்ந்தான். டப்பாவின் மேல் பழியைப் போட ஒரு நொடி போதும். திங்கட்கிழமை அறிக்கையில்கூட அப்படியே எழுதலாம். யார் கேட்கப் போகிறார்கள்.

"டப்பா மேல தப்பு இல்லம்மா. கடிகாரத்தைத் திருப்பி வைக்கறப்ப நான்தான் ஒரு மணி நேரம் கோட்டை விட்டேன்."

அவள் அவன் காலைப் பார்த்தாள். "இன்னொரு செருப்பு?"

"தண்டவாளத்துல கிடக்கு."

"கேட்டுலேருந்து ஓடியா வந்தீங்க?"

தலையாட்டினான். எதிரே மருந்துக் கடையில், வாடிக்கையாளர் நீட்டிய சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மனைவி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தனாவதா வந்தே?" என்று கேட்டான்.

மகள் அவன் சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்தாள். குச்சியை உருவி, மூன்று மணிக் குறிப்பைத் தேடி அழித்தாள். அதற்கப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு புதிதாக ஏதோ எழுத ஆரம்பித்தாள்.

"நாலு நிமிஷம் லேட்டுன்னா பாஸா, ஃபெயிலா?" என்றான்.

"தாங்குது" என்று சொல்லி, திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

'அடுத்த ஞாயிறு, காலை 9 மணி. நீச்சல் போட்டி. அப்பா.'

"இதுதான்ப்பா நிஜம்" என்றாள். "இன்னிக்குப் போட்டியே இல்ல."