உச்சி மாநாட்டில் தண்ணீர் ஊற்றப் போனவன்

உலகத்தின் பெரிய பொருளாதார நாடுகளின் தலைவர்கள் ரொறன்ரோவில் கூடுகிறார்கள், அவர்களின் மதிய விருந்து என் ஹோட்டலில் நடக்கப்போகிறது என்று தெரிந்த அன்றே, நான் இருக்கும் மல்வேர்ன் பகுதியில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்துவிட்டேன். என் ஹோட்டல் என்றால், இருபத்திரண்டு வருடமாக நான் விருந்து மண்டபத்தில் பரிமாறுகிற ஹோட்டல். அந்த விளக்கத்தை நான் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

தலைவர்களின் மேசைக்கு எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்தார்கள். எனக்குத் தண்ணீர். வலது பக்கமாக நின்று, கையில் வெள்ளைத் துணியோடு, சத்தம் வராமல் ஊற்றவேண்டும். சூப்பைவிடத் தண்ணீர்தான் பெரிய பொறுப்பு என்று வீட்டில் சொன்னேன். சூப் ஒருதரம்தான் போகும். தண்ணீர் கடைசிவரை போகும்.

“அப்ப ரீவியிலை வருவியளோ?” என்று மனைவி கௌசி கேட்டாள்.

“ஊத்துற கை எண்டாலும் வரும்.”

அவளுடைய தம்பி பிரியந்தன் விட்பியிலிருந்து அழைத்தான். “அத்தான், கலியாண மோதிரத்தைப் போட்டுக்கொண்டு ஊத்துங்கோ. அப்பதான் கையை அடையாளம் பிடிக்கலாம்.”

இடையில் ஒரேயொரு தடை இருந்தது. பாதுகாப்புப் பிரிவின் படிவம். அதில் பாஸானால்தான் மேசை. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் கிளாஸ் துடைக்கவேண்டும்.

படிவத்தின் பதினான்காவது கேள்வி: இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயர்களையும், கடந்து வந்த எல்லா நாடுகளையும் எழுதவும்.

இங்கே என் கதையைச் சொல்லவேண்டும். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில், பிறந்தநாள் விருந்துகளில் ஆண்கள் எல்லோரும் பேஸ்மென்டில், மடியில் பொரித்த ரோல்ஸ் தட்டோடு வட்டமாக இருப்போம். முதல் கேள்வி ஊர் எது என்பது. இரண்டாவது, “எப்பிடி வந்தனீங்கள்?” மன்னார்ச் சீமோன் பாதிரியார் உடுப்புப் போட்டு, ஆறு பெயரில், உக்ரைன் காட்டுக்குள் பதினொரு நாள் நடந்து வந்தவன். பொன்னம்பலத்தார் மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரே அறையில் பதினாறு பேரோடு படுத்தவர். நான்? கொழும்பு, சிங்கப்பூர், ரொறன்ரோ. ஒரு கள்ளப் பாஸ்போர்ட். ஜன்னலோர ஆசனம்.

அதை ஒருமுறை உண்மையாகச் சொல்லிப் பார்த்தேன். “உமக்கு லக், ஐசே” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்கள். அடுத்த விருந்தில் கொஞ்சம் பனி சேர்த்தேன். அதற்கடுத்த விருந்தில், சீமோன் வராத நாளாகப் பார்த்து, காடு. முப்பது வருடத்தில் ஏழு நாடு, ஆறு பெயர் சேர்ந்துவிட்டன. கௌசியும் மகள் நிலாணியும் இருந்து கேட்டார்கள். நிலாணி பத்தாம் வகுப்பில் அதைக் கட்டுரையாக எழுதி முதல் பரிசும் வாங்கிவிட்டாள்.

படிவத்தைக் கணினியில் நிரப்பியது நிலாணி. பதினான்காவது கேள்வி வந்ததும் அவள் என்னிடம் கேட்கவேயில்லை. மளமளவென்று அடித்தாள்.

“பிள்ளை, சும்மா சுருக்கமா எழுது” என்றேன்.

“நோ அப்பா. ஒளிச்சால் கண்டுபிடிச்சிடுவாங்கள். எவ்ரிதிங் போடவேணும்.”

“உள்ளதை எல்லாம் எழுது” என்று கௌசியும் சொன்னாள். ஸ்பீக்கர் போனில் இருந்த பிரியந்தன், “பிராக் சிற்றியை விட்டிட்டாள், அத்தான்!” என்றான். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கவேண்டும். திறந்தேன். “பிராக்கிலை இரண்டு நாள்தான்” என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு கிழமையில் நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. மொழிபெயர்க்க ஒருவரை அழைத்து வரலாம் என்றிருந்தது. விருந்து மண்டபத்தில் தைரியமாக வருகிற என் ஆங்கிலம் சீருடையைக் கண்டால் ஓடிவிடும். நிலாணி வந்தாள்.

ஜன்னல் இல்லாத அறை. அதிகாரி ஓர் ஐம்பது வயதுப் பெண். அவர் முன்னால் நிலாணி அடித்த படிவம். பக்கத்தில் ஒரு தடித்த பழைய கோப்பு. அதில் மீசையோடு இருபத்துநாலு வயதில் நான். தொண்ணூறாம் ஆண்டு அகதி விசாரணையில் நான் சொன்னது முழுவதும் அதில் இருந்தது.

“இந்தக் கோப்பின்படி நீங்கள் இரண்டு விமானத்தில், ஒரு பெயரில் வந்திருக்கிறீர்கள்” என்றார் அதிகாரி. “இந்தப் படிவத்தின்படி ஏழு நாடு, ஆறு பெயர். ஒன்றில் இது பொய், அல்லது அது பொய். எது?”

புதியது உண்மை என்றால், அன்றைக்கு அகதிச் சபைக்குப் பொய் சொல்லியிருக்கிறேன்; குடியுரிமையே ஆடிப்போகும். பழையது உண்மை என்றால், பக்கத்தில் என் மகள் இருக்கிறாள். நாட்டையா, மகள் முன்னால் மரியாதையையா விடுவது என்று முழுதாகப் பத்து விநாடி யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

“பழசுதான் உண்மை” என்று தமிழில் சொன்னேன்.

நிலாணி மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். “அப்ப காடு?”

“காடு சீமோன்ரை.”

“பாதிரியார்?”

“அதுவும் அவன்ரைதான்.”

“மொஸ்கோ, அப்பா?”

“பொன்னம்பலத்தாற்றை.”

“பிராக்?”

நான் தலையைக் குனிந்தேன். “அது... எனக்கே ஞாபகமில்லை, பிள்ளை.”

என்ன பேசுகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். நிலாணி மூச்சை இழுத்துவிட்டு, காடு அப்பாவின் சிநேகிதருக்குச் சொந்தமானது, மொஸ்கோ இன்னொருவருக்குச் சொந்தமானது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“ஏன் இப்படிச் செய்தீர்கள்?”

இதற்கு நானே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். எல்லோரிடமும் ஒரு பாதை இருந்தது மேடம், என்னிடம் ஜன்னலோர ஆசனம்தான் இருந்தது என்றேன்.

அவர் நீண்ட நேரம் எழுதினார். பிறகு, “இந்தப் படிவத்தில் வாழ்க்கையைக் குறைத்து எழுதுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கூட்டி எழுதிய முதல் ஆள் நீங்கள்” என்றார். சிரித்தாரா என்று இன்றைக்கும் தெரியாது.

பஸ்ஸில் நிலாணி மோர்னிங்சைட் வீதி வரும்வரை போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, “என்ரை பத்தாம் வகுப்பு எஸேயைக் கேட்டு ரீச்சர் அழுதவ, அப்பா” என்றாள்.

“எனக்கும் அழுகை வந்தது.”

“நீங்கள் அழக்கூடாது! யூ நியூ! பொய் எண்டு தெரியுமெல்லே!” என்று கத்தினாள். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். குரலைத் தணித்து, “பிளேனிலை என்ன செய்தனீங்கள்?” என்று கேட்டாள்.

“சாப்பாடு காசு எண்டு நினைச்சு, வேண்டாம் வேண்டாம் எண்டு சொல்லிக்கொண்டு வந்தனான். ரொறன்ரோ மட்டும் பட்டினி.”

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். என் பயணத்தின் ஒரே உண்மையான கஷ்டத்தை அவள் நம்பவில்லை.

கௌசியிடமும் சொல்லிவிட்டேன். அவள் கறியைக் கிளறிக்கொண்டே, “எனக்குத் தெரியும். கலியாணம் பேசேக்கையே உங்கடை அண்ணர் சொன்னவர்” என்றாள்.

“பிறகேனப்பா படிவத்திலை எழுதச் சொன்னனீர்?”

“உள்ளதை எழுது எண்டுதானே சொன்னனான்! தம்பியும் லைனிலை. அவனுக்கு முன்னாலை உங்களை விட்டுக்குடுக்கேலுமே?”

நாலாம் நாள் அனுமதி வந்தது. ஆபத்து இல்லாதவர் என்று போட்டிருந்தது. வாழ்நாளில் இப்படியொரு அவமானமான நற்சான்றிதழை வாங்கியதில்லை. ஆனாலும் மேசை கிடைத்தது. விருந்துக்கு முன்னால் எட்டுப் பேரிடமும் இன்னொரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அங்கே கண்டதையும் கேட்டதையும் பத்து வருடத்துக்கு யாரிடமும் சொல்லக்கூடாது.

போட்டேன். ஊற்றினேன். அங்கே ஒன்று நடந்தது. ஒரு தலைவர், இன்னொரு தலைவர், நான், என் தண்ணீர்ச் சாடி, நாலு பேரும் சம்பந்தப்பட்டது. அவ்வளவுதான் இங்கேயும் எழுதலாம்.

அடுத்த ஞாயிறு பிரியந்தனின் பேஸ்மென்டில் எல்லோரும் கூடினார்கள். சீமோனும் இருந்தான், பொன்னம்பலத்தாரும் இருந்தார். முப்பது வருடத்தில் முதல்தடவையாக எனக்காகத் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு இருந்தார்கள். படிக்கட்டில் நிலாணி.

“சொல்லும், சொல்லும்” என்றான் சீமோன்.

வாய்வரை வந்துவிட்டது. ஒரு சொல் கூட்டத் தேவையில்லை. அப்படியே சொன்னாலே பேஸ்மென்ட் எழும்பி நிற்கும். கையெழுத்து ஞாபகம் வந்தது. அதைவிட, படிக்கட்டில் இருந்த கண்கள்.

“தண்ணி ஊத்தினன்” என்றேன்.

“பிறகு?”

“பிறகு, குறையக் குறையத் திரும்ப ஊத்தினன்.”

சீமோன் என்னை இரக்கத்தோடு பார்த்தான். பொன்னம்பலத்தார் ரோல்ஸைக் கையில் எடுத்தார். பிரியந்தனால் தாங்க முடியவில்லை. அக்காவின் புருஷன் சபையில் இப்படித் தோற்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பான்?

“அத்தான் வாய் திறக்கமாட்டார். எழுதி வாங்கிட்டாங்கள்” என்று எழும்பினான். “நான் சொல்லுறன். ஒரு தலைவருக்கு இறைச்சித்துண்டு தொண்டையிலை சிக்கீட்டுது. பாதுகாப்புக்காரர் எல்லாம் துவக்கோடை நிக்கிறாங்கள், ஒருத்தனுக்கும் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அப்ப அத்தான்...”

மூன்றாவது வசனத்தில் நான் ஒரு நாட்டையே காப்பாற்றிவிட்டேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “உண்மையோ?” என்று கேட்டார் பொன்னம்பலத்தார்.

“நான் ஒண்டும் சொல்லேலாது. சைன் பண்ணியிருக்கிறன்” என்றேன்.

அவர்களுக்கு அது போதும். சீமோன் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிரியந்தன் தலைவரின் முதுகில் நான் தட்டிய இடத்துக்கு வந்திருந்தான். எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவேண்டியிருந்தது. அப்படி இல்லையடா, நடந்தது இதைவிட நல்லாயிருந்தது என்று கத்தவேண்டும் போல இருந்தது.