தோற்ற மேட்ச்சில் இடம் இல்லை

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் தோற்ற மேட்ச்சில், என் இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கு முன் அப்படி நடந்ததில்லை. தோற்ற மேட்ச்சில் இடம் பிடிக்கப் போட்டி இருக்காது. கேலரியில் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். ஆளுக்கு ஒரு படி எடுத்துக்கொண்டு காலை நீட்டலாம்.

ஏற்பாடு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கருவேலன்விளை வாலிபால் மைதானத்துக்குப் பின்னால், இரண்டு பக்கமும் கதவுகள் வைத்த ஒரு நீண்ட நடை இருக்கிறது. ஒவ்வொரு கோப்பையிலும் நாங்கள் கடைசியாக ஆடிய மேட்ச், முடிந்த பிறகும் அங்கே நடந்துகொண்டிருக்கும். ஜெயித்தவை இடது பக்கக் கதவுகளுக்குள். தோற்றவை வலது பக்கக் கதவுகளுக்குள். கதவைத் திறந்தால் அந்த நாளின் வெயில் முகத்தில் அடிக்கும். மேட்ச் முடிந்ததும் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். மறு ஞாயிறு முதல் செட்டிலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

எங்கள் அணிக்கு வலது பக்கம் நிறையக் கதவுகள். இடது பக்கம் வெறும் சுவர். வாலிபால் கழகச் செயலாளர் இஸ்ரவேல் அந்தச் சுவருக்கு வருஷம் தவறாமல் வெள்ளையடிப்பார்.

போன மாதம் நாங்கள் மாவட்டக் கோப்பையை ஜெயித்தோம். மறுநாள் காலையில் சுவரில் ஒரு கதவு இருந்தது. இஸ்ரவேல் அதற்கும் வெள்ளையடித்துவிட்டார். பழக்கம்.

நான் போவது ஒரே ஒரு கதவுக்குத்தான். மணல்மேட்டு அணியிடம் தோற்ற அரையிறுதி. அதற்கு அடுத்த வருஷம் என் கணவர் கோயில்பிள்ளை இறந்துபோனார். ஆகவே அந்த மேட்ச்சில் அவர் நன்றாக இருக்கிறார். மூன்றாவது படியில், நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஞாயிறுதோறும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். அவருக்கு எல்லாம் ஒரே ஞாயிறு என்பதால் குழம்பை மாற்ற முடியாது. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. இன்றைக்கும் அதுதான்.

என் இடம் அவருக்குப் பக்கத்தில். அங்கே ஒரு பையன் இருந்தான். புது ஜெர்சி. கழுத்துக்குப் பின்னால் கடைச் சீட்டு தொங்கியது.

"தம்பி, இது என் இடம்."

"இல்லக்கா. நான் ஆரம்பத்துல இருந்தே இங்கதான் இருக்கேன்."

"எப்ப வந்த?"

"இப்பதான்."

அவன் பெயர் அபினேஷ். எனக்கு அவனைத் தெரியும். "நீ போன மாசம் வரைக்கும் மணல்மேட்டுக்காரனுக்குக் கை தட்டுனவன்லா?"

"அப்ப அவங்க ஜெயிச்சுட்டு இருந்தாங்கல்லக்கா" என்றான். குடையை மழைக்குத்தான் பிடிப்பார்கள் என்று எனக்குப் புரியவைப்பது போல இருந்தது.

சுற்றிப் பார்த்தேன். கேலரி முழுக்கப் புது ஜெர்சிகள்.

கோயில்பிள்ளை தலையை நீட்டி, "சொர்ணம், யாருட்டி இந்தப் பயலுவ?" என்றார்.

"ரசிகர்கள்" என்றேன்.

"நமக்கா?"

அன்றைக்கு நின்றுகொண்டே அவருக்குப் பரிமாறினேன்.

அடுத்த ஞாயிறு நடை மிகவும் நீண்டிருந்தது. வரிசை எவ்வளவோ அவ்வளவு நீளும் நடை அது. வலது பக்கக் கதவு ஒவ்வொன்றின் முன்னாலும் கூட்டம். இஸ்ரவேல் புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றார்.

"மைனி, நம்ம தோல்வி ஒவ்வொண்ணும் ஹவுஸ்ஃபுல்" என்றார். "நாம இவ்வளவு நல்லாத் தோத்திருக்கோம்னு எனக்கே தெரியாது."

"என் இடத்துக்கு ஒரு வழி பண்ணுங்க கொழுந்தனாரே."

"நிஜ ரசிகன் யாருன்னு பரீட்சை வச்சுத்தான் உள்ள விடுறேன். நம்ம செட்டரோட ஜெர்சி நம்பர் என்ன?"

"மாணிக்கம் கடைப் பையன்தான செட்டர்."

"நம்பர் கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. அவன் முதுகை நான் வாசித்ததில்லை. எனக்குப் பின்னால் நின்ற அபினேஷ் நம்பரைச் சொன்னான். உயரத்தையும் சொன்னான். அந்த அரையிறுதியில் கடைசி சர்வீஸை எங்கள் ஜெபராஜ் போட்டதையும், பந்து நெட்டில் பட்டு எந்தப் பக்கம் உருண்டது என்பதையும் சேர்த்துச் சொன்னான். இஸ்ரவேல் அவனை உள்ளே விட்டார்.

"அழுது காட்டுங்க மைனி. அதுக்கும் மார்க் உண்டு."

முயன்று பார்த்தேன். வரவில்லை. நான் அந்த மேட்ச்சுக்கு அன்றைக்கே அழுது முடித்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நின்றது. குழந்தையிலிருந்து பெரியவர் வரை எல்லாருக்கும் இரண்டு கண்ணிலும் வந்தது.

"உங்களை எனக்கு முப்பது வருஷமாத் தெரியும்" என்றார் இஸ்ரவேல். "ஆனா பரீட்சை எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கதவுக்குள் ஒரு கால் வைக்கும் அளவுக்கு மட்டும் இடம் கொடுத்தார். அங்கிருந்து டிபன் கேரியரைக் கூட்டத்தின் தலைக்கு மேல் கை மாற்றி அனுப்பினேன். ஒவ்வொருவரும் திறந்து கொஞ்சம் ருசி பார்த்தார்கள். கோயில்பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தபோது அதில் கறிவேப்பிலைதான் மிச்சம் இருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

அதைவிட மோசமான ஒன்றையும் கவனித்தேன். ஆட்கள் நெருக்க நெருக்க அவர் படியின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தார். முதலில் முழுதாக உட்கார்ந்திருந்தார். பிறகு பாதி. ஓரம் முடிந்தால் தரை. தரையிலிருந்து தள்ளினால் கதவு. கதவுக்கு வெளியே இந்த வருஷம். இந்த வருஷத்தில் அவர் இல்லை.

கூட்டம் இப்படியே கூடினால் இன்னொரு ஞாயிறு அவர் தாங்கமாட்டார். கணக்கு எளிமையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது செட் முடியும் தறுவாயில் இருந்தது. நாங்கள் பன்னிரண்டு ஒன்பதில் முன்னால் இருந்தோம். கோயில்பிள்ளை ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தொடையில் தட்டினார். கேலரியில் அவர் ஒருவர்தான் தட்டினார். மற்றவர்கள் அமைதியாக இருந்தார்கள். தோல்விக்காகக் காத்திருப்பவர்கள் சத்தம் போடுவதில்லை.

அவருக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அபினேஷைப் பார்த்து, "ஏல, இன்னைக்கு யாரு ஜெயிப்பா?" என்றார்.

"தோத்துருவோம் அண்ணாச்சி. பதிமூணு பதினஞ்சு."

கோயில்பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீ எதுக்குல வந்த?"

அபினேஷ் வாயைத் திறந்தான். அடுத்த நிமிஷம் அந்த இடத்தில் அவன் தொப்பி மட்டும் இருந்தது.

"யக்கா" என்று எனக்குப் பின்னால், நடையிலிருந்து, அபினேஷின் குரல் கேட்டது. "நான் எப்படி வெளிய வந்தேன்?"

எனக்கு விஷயம் பிடிபட்டது. விளக்குகிறேன். கதவுக்கு உள்ளே அந்த நாள்தான் நடக்கிறது. அந்த நாளில் முடிவு யாருக்கும் தெரியாது. ஒருவர் முடிவைச் சொல்லிவிட்டால், அவர் அந்த நாளில் இருந்தவர் இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்த நாளில் இல்லாதவர் உள்ளே இருக்க முடியாது. தண்ணீரில் எண்ணெய் மேலே வருவது போலத்தான். இதில் யாருக்கும் யார் மேலும் கோபம் இல்லை.

உறுதிப்படுத்திக்கொள்ள, முன்னால் நின்ற அம்மாளிடம் கேட்டேன். பரீட்சையில் நன்றாக அழுத குடும்பம் அவர்களுடையது.

"யாரு ஜெயிப்பாங்கன்னு நினைக்கீங்க?"

"தோல்விதான். அதைப் பாக்கத்தான் குடும்பத்தோட வந்தோம்."

குடும்பத்தோடு போய்விட்டார்கள். குழந்தையின் பீப்பி மட்டும் கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கொண்டே போனேன். எல்லாரும் மரியாதையாக, சரியாகப் பதில் சொன்னார்கள். ஒருவர் ஸ்கோரை எழுத்து வடிவிலும் எண் வடிவிலும் சொன்னார். படிகள் காலியாகின. மூன்றாவது படிக்குப் போய் உட்கார்ந்தேன். கோயில்பிள்ளை உள்பக்கமாக நகர்ந்து வசதியாக உட்கார்ந்தார்.

பையில் ஒரு சின்ன டப்பாவில் தனியாகக் குழம்பும் சோறும் வைத்திருந்தேன். அதைத் திறந்தேன்.

அதற்குள் பன்னிரண்டு பதினான்கு ஆகிவிட்டது. ஒரு பாயிண்ட் எடுத்தோம். பதின்மூன்று பதினான்கு. ஜெபராஜ் பந்தை வாங்கிக்கொண்டு சர்வீஸ் போடப் போனான்.

கோயில்பிள்ளை என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு சொர்ணம். யாரு ஜெயிப்பா?"

இதுவரை அவர் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

எனக்கும் முடிவு தெரியும். அபினேஷை விட எனக்கு நன்றாகத் தெரியும். அவன் அந்த சர்வீஸைப் பற்றிக் கேள்விப்பட்டவன். நான் ஒன்பது வருஷமாகப் பார்த்தவள். பந்து நெட்டின் மேல் நாடாவில் இடித்து, ஒரு தடவை யோசித்து, எங்கள் பக்கமே விழும். சரியான பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் நான் நடையில் நிற்பேன். பொய் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அதைச் சோதித்துப் பார்க்க ஆளும் மிச்சம் இல்லை.

ஜெபராஜைப் பார்த்தேன். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். கை நடுங்கவில்லை. நின்ற இடமும் சரிதான். ஒரு விரல்கடை உயர்த்திப் போட்டால் போதும். அதில் முடியாத காரியம் என்ன இருக்கிறது? போன ஞாயிறு போடவில்லை, சரி. அது போன ஞாயிறு.

"நம்மதான்" என்றேன்.

காத்திருந்தேன். படி எனக்கு அடியில் அப்படியே இருந்தது. வெயிலும் இருந்தது.

"பின்ன?" என்றார் கோயில்பிள்ளை. சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார்.

பந்து நெட்டில் பட்டது. அவர் எழுந்து நின்று அம்பயரின் கண்பார்வையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொன்னார். நானும் சொன்னேன். கதவு சாத்திக்கொண்டது.

நடையில் இஸ்ரவேலிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

"அப்ப தப்பாச் சொல்றவங்களையா உள்ள விடணும்?"

"ஆமா."

"இது என்ன பரீட்சை மைனி?"

"வேலை செய்யுது."

"நடிச்சுச் சொல்லிட்டு வந்தா?"

அதுவும் நடந்தது. அடுத்த ஞாயிறு அபினேஷ் கதவருகே வந்து, கண்ணை மூடிக்கொண்டு, "நம்மதான்" என்றான். இஸ்ரவேல் அவனைப் பிடித்தார். விடுங்கள் என்றேன். மேல் படியில் தனியாகப் போய் உட்கார்ந்தான். கடைசி சர்வீஸின்போது திரும்பிப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். பந்து நெட்டில் பட்டதும் அம்பயரைப் பார்த்து ஓடினான். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு கதவில் அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இப்போது வலது பக்கக் கதவுகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான். இன்றைக்கு யார் ஜெயிப்பார்கள் என்று கேட்கிறோம். சரியாகப் பதில் சொல்கிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.