கடைசி அத்தியாயம் தனித் தபாலில்

எங்கள் வீட்டில் என் வாய்க்கு இருக்கிற மரியாதை என் மூளைக்குக் கிடையாது. மழை வரும் என்பேன், வெயில் கொளுத்தும். இந்தக் குழாயில்தான் கசிவு என்பேன், பிளம்பர் வேறு குழாயைக் கழற்றுவார். "இவ சொல்றதுக்கு நேர்மாறா பண்ணிட்டா போதும்" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட நான் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்தால் தலைகால் புரியுமா?

கொலை நடந்தது 'பூட்டிய அறையில் ஒற்றைச் செருப்பு' என்ற நாவலில். இப்போது அச்சில் இல்லை. என் அண்ணி பழைய புத்தகக் கடையில் பிடித்தது. அண்ணி கோர்ட்டில் டைப்பிஸ்ட். தான் ரசித்ததை நாலு பேர் ரசிக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் ஐந்து பேருக்கு அதைத் தபாலில் சுற்றுக்கு விட்டார். ஒருவர் படித்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் இருக்காது. தாள் நைந்துபோனதால் தானே டைப் அடித்து வைத்திருப்பதாக அண்ணி சொல்லியிருந்தார். கொலைகாரன் யார், ஏன் என்று ஊகித்து அவருக்கு ஒரு கார்டு போட்டால்தான் அது தனித் தபாலில் வரும். படித்ததும் அவருக்கே திருப்பிவிட வேண்டும். முடிவைப் பற்றி யாரும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

ஐந்தாவது ஆள் நான். என் தையல் கடையில் பேண்ட் மடிப்புகளைப் பிரித்துக்கொண்டே படித்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செத்தவரின் கோட்டில் ஒரு பித்தான் மட்டும் வேறு நூலில், தையல்காரர் போடாத முடிச்சோடு தைத்திருந்தது. காயத்துக்குத் தையல் போட்டுப் பழகிய கை என்று எனக்குப் பொறி தட்டியது. கொன்றது கதையில் வருகிற டாக்டர் என்று கார்டு நிரம்ப எழுதிப் போட்டேன்.

அத்தியாயம் வந்தது. டாக்டரேதான்! "நான் அப்பவே சொன்னேன்ல!" என்று தையல் மெஷினைப் பார்த்துக் கத்தினேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "அப்போ எழுதினவர்தான் தப்பு பண்ணியிருப்பார்" என்றார். என்ன சொன்னால் என்ன, நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். எனக்கு முந்தி படித்து, எனக்குப் பார்சல் அனுப்பியவர். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"பக்கத்துத் தெருவுல மச்சினி வீடு. உங்க விலாசம் ஞாபகம் இருந்துச்சு, அதான் எட்டிப் பார்த்தேன்" என்றார். டீ வரவழைத்தேன்.

"முடிவைப் பத்திப் பேசக் கூடாதுங்க" என்றார்.

"கூடவே கூடாது" என்றேன்.

"ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டேன்."

"நானுந்தாங்க!"

"அப்படிப் போடுங்க! அந்தப் பொம்பளை சாவியை ஒளிச்சு வைக்கும்போதே தெரிஞ்சுபோச்சு."

"எந்தப் பொம்பளை?"

"சமையல்காரிதான்."

"சமையல்காரியா? கொன்னது டாக்டருங்க!"

அவர் படித்ததில் சமையல்காரி அழுதுகொண்டே ஒப்புக்கொள்கிறாள். என்னுடையதில் டாக்டர் ஜன்னல் வழியாகக் குதிக்கிறார். கொஞ்ச நேரம் கோர்ட்டு வக்கீல்கள் மாதிரி கத்தினோம். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. இரண்டு அத்தியாயத்தையும் டைப் அடித்தது ஒரே கைதானே! வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சரியாகச் சொன்னேன், அதுவும் போச்சா?

அண்ணிக்குப் போன் போட்டேன். "அண்ணி, நிஜமா கொன்னது யாரு?"

"கண்ணாடிக்காரர் வந்திருக்காரா?" என்று அண்ணி திருப்பிக் கேட்டார்.

"எதிர்லதான் இருக்கார்."

"மாட்டிக்கிட்டேனா! வாங்கும்போதே அதுல கடைசி அத்தியாயம் இல்லடி. முடிவில்லாத கதையை எப்படி அனுப்புறது? இவ்வளவு நல்ல கதையை அனுப்பாமலும் இருக்க முடியல. அதான் நீங்க ஆளாளுக்கு யாரைச் சொன்னீங்களோ, அவங்களையே கொலைகாரங்களாக்கி டைப் அடிச்சேன்."

"அஞ்சு பேருக்குமா?"

"அஞ்சு பேருக்கும்."

"அப்போ நான் கண்டுபிடிக்கவே இல்ல." என் குரல் உடைந்துவிட்டது. ஒரு கதைப் புத்தகத்துக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, மத்த நாலு பேருக்கும் இல்லாத ஆதாரத்தையெல்லாம் நானாப் புகுத்தினேன். உன்னோடதுக்கு ஒண்ணுமே சேர்க்கல, எல்லாம் கதையிலயே இருந்துச்சு. எழுதினவர் நெனச்சதும் டாக்டரைத்தான். கண்ணாடிக்காரர்கிட்ட சொல்லிடாத, பாவம், மனசு கஷ்டப்படும். போனை அவர்கிட்ட குடு, மன்னிப்பு கேட்டுக்கறேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டினேன்.

அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாங்கினார். "ம்... ம்..." என்று கேட்டார். கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். என் பக்கம் ஒரு தடவை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கையால் வாயை மறைத்துக்கொண்டு, "சேச்சே, அவங்ககிட்ட சொல்லவே மாட்டேங்க" என்றார்.

அண்ணி மேல் கோபம் வர வேண்டிய இடம்தான். வந்ததென்னவோ சிரிப்பு. கோர்ட் வேலையெல்லாம் முடித்துவிட்டு எங்களுக்காக ஆளுக்கொரு முடிவைத் தட்டிக்கொண்டிருந்த அந்த மனுஷி மேல் ஆசை பொங்கியது.

"என்ன சொன்னாங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் போல் கேட்டேன்.

"சும்மாதாங்க, மன்னிப்பு கேட்டாங்க" என்றார் பெருந்தன்மையாக. "உங்ககிட்ட?"

"என்கிட்டயும் அதேதான்" என்றேன்.

ஆனாலும் கொன்றது டாக்டர்தான்.