கேத்தலுக்கு விழுந்த ஒத்தை ஓட்டு

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணி முடித்தபோது, ஜீவராணியின் கேத்தல் சின்னத்துக்கு விழுந்திருந்தது ஒரே ஒரு ஓட்டு. சைபர் விழுந்திருந்தால்கூட மானத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பாள். சைபருக்கு ஒரு கௌரவம் உண்டு. சதி நடந்துவிட்டது, பெட்டியை மாற்றிவிட்டார்கள் என்று கத்தலாம். ஒன்றை வைத்துக்கொண்டு எதைக் கத்துவது?

"தன் கையால தனக்கே போட்டுக்கிட்டா போலருக்கு! கட்டுன புருசன்கூடப் போடல பாத்தியா," என்று எவனோ சொன்னான். பள்ளிக்கூட வாசலில் நின்ற கூட்டம் மழையையும் பொருட்படுத்தாமல் சிரித்தது.

ஜீவராணிக்கு ஆத்திரமாக வந்தது. சிரித்ததற்காக இல்லை. அந்த ஒரு ஓட்டு அவளுடையதே இல்லை, அதற்காக. அவள் தன் ஓட்டை எதிராளியின் குடைச் சின்னத்துக்குப் போட்டிருந்தாள். இதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் ஒன்றுக்குச் சிரித்தவர்கள் ஒன்பது நாளைக்குச் சிரிப்பார்கள்.

நடந்தது இதுதான். பிரதேச சபைத் தேர்தலில் பொம்பளைகள் இத்தனை பேர் நிற்க வேண்டும் என்று சட்டம். ஹட்டனில் ஒரு சுயேச்சைக் குழு நடத்திய வினோஜன் என்ற பையன் ஆள் கிடைக்காமல் வட்டவளைப் பக்கமெல்லாம் அலைந்துவிட்டு, கடைசியில் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற ஜீவராணியைப் பிடித்தான். "அக்கா, பேர மட்டும் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்." கொழுந்துக் கறை பிடித்த விரலோடு அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். போஸ்டர் அடிக்கக் காசில்லை என்று சொல்லி, அவளுடைய சின்னத்தையே வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுப் போனான். தேத்தண்ணி கொதிக்கவைக்கிற நிஜமான அலுமினியக் கேத்தல்.

பேருக்கு நின்றவளை அந்தக் கேத்தல்தான் கெடுத்தது. தொழிலாளர் வரிசை வீடுகளுக்கெல்லாம், லயம் லயமாக, அதைத் தூக்கிக்கொண்டு போனாள். போன வீட்டிலெல்லாம் அதிலேயே பிளேன்டீ போட்டு ஊற்றிக் குடித்துவிட்டு, "நீதான்டி வரணும்" என்றார்கள். கோயில் முன்னால் நடந்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, லயத்துக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக் கானைப் பற்றிப் பேசினாள். மழை பெய்தால் அந்தக் கான் ரொம்பி அடுப்படிக்குள் வருவதையும், அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டே ரொட்டி சுடுவதையும் சொன்னாள். சனம் கை தட்டியது. பிறந்ததிலிருந்து அவளுக்காக யாரும் கை தட்டியதில்லை, பாவம். அன்றைக்கே மனதுக்குள் சபை உறுப்பினராகிவிட்டாள்.

கைதட்டல் தந்த மயக்கத்தில், லயத்துக் குடிகார ஆம்பளைகளைப் பற்றியும் நாலு வார்த்தை விட்டாள். உதாரணம் வேண்டுமே என்று, கேத்தலின் மூக்கை நேராகத் தன் புருஷன் அழகனை நோக்கி நீட்டினாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அழகன் அவளிடம் பேசவில்லை. தேயிலை பெக்டரியில் வேலை முடிந்து வருவான், சாப்பிடுவான், ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வீட்டு நாயிடம் சொல்லுவான். "மணி, கறியில உப்பு இல்லன்னு சொல்லு." மணி அவளைப் பார்க்கும். "அரசன நம்பிப் புருசனக் கைவிட்ட கதையா ஆயிருச்சேடி," என்று பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயி வேறு உச்சுக் கொட்டினாள்.

பேசாமல் போனால் போகட்டும் என்று விட்டாள். அவளுக்குச் சூடம் இருந்தது.

அந்தத் தோட்டத்தில் வாய்ப்பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஒரு கட்டிச் சூடத்தை வாசலில் கொளுத்தி வைப்பார். வீட்டுக்காரர் மாரியம்மன் பேரைச் சொல்லி, "என் ஓட்டு ஒங்களுக்குத்தான்" என்று உள்ளங்கையால் படாரென்று அடித்து அணைக்க வேண்டும். அதுதான் சத்தியம். தப்பினால் அம்மன் சும்மா விடமாட்டாள். ஆனால் வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதையா? அதனால் எல்லாரும் எல்லாருக்கும் அணைத்தார்கள். கடை வைத்திருந்த ராசிக் நானா, "இந்த எலக்சன்ல வெல்லப் போறது சூடம்தான்," என்று சொல்லி மூன்று தடவை ஹட்டனுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்தார். குடைச் சின்னத்தில் நின்ற தோட்டத் தலைவர் சன்னாசியே, ஜீவராணி அவர் வாசலுக்குப் போனபோது பழக்க தோஷத்தில், "என் ஓட்டு ஒனக்குத்தான் தங்கச்சி," என்று அணைத்துவிட்டு, அப்புறம்தான் கையைப் பார்த்து முழித்தார்.

சன்னாசிக்கு ஜீவராணியும் அணைத்திருந்தாள். அது அவள் தேர்தலில் நிற்பதற்கு முன்னால். சன்னாசி முந்திக்கொண்டு, தேதி அறிவிக்கும் முன்னமே சூடத்தோடு கிளம்பிய ஆள். அன்றைக்கு அவளும் பத்தோடு பதினொன்றாக அடித்து வைத்தாள்.

ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போய் நின்றபோதுதான் அது நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் கேத்தல், ஒரு பக்கம் குடை. ஆத்தா பார்த்துக்கொண்டிருப்பாள். 'தோட்டம் முச்சூடும் எனக்கு அணைச்சிருக்கு. என் ஒத்த ஓட்டு இல்லாட்டி நான் தோத்தா போயிருவேன்?' என்று நினைத்தாள். குடைக்கு நேராகப் புள்ளடி போட்டாள். போட்டுவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள் மகராசி.

முந்நூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற அந்தத் தோட்டத்தில், அணைத்த சூடத்துக்கு அஞ்சி நடந்தது அவளும் இன்னொரு ஜீவனும் மட்டும்தான். அந்த இன்னொரு ஜீவன் யார்?

தோற்றது வலித்தது. கான் தண்ணீரில் இன்னும் பல வருஷம் நின்று ரொட்டி சுட வேண்டும், அதுவும் வலித்தது. ஆனால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது இந்தக் கேள்வி. ஊரெல்லாம் விளையாட்டாக நினைத்தபோது, யாரோ ஒருவர் உள்ளே போய், இந்த ஜீவராணியால் முடியும் என்று நம்பிக் கேத்தலுக்குப் புள்ளடி போட்டிருக்கிறார். அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் போதும். காலில் விழுந்துவிடுவாள். கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, அவன் வரவே இல்லை. புருஷனை அவள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாயோடு பேசுகிற மனுஷன் கேத்தலுக்கா போடுவான்?

அவளே தனக்குப் போட்டுக்கொண்டாள் என்றுதான் முதலில் ஊர் சொன்னது. அதை அவள் தாங்கமாட்டாமல், ராக்காயியிடம், "நான் எனக்குப் போடலக்கா. தனக்குத் தானே போட்டுக்கிறது அசிங்கமில்லையா?" என்று மட்டும் சொல்லிவைத்தாள். யாருக்குப் போட்டாள் என்பதை விழுங்கிவிட்டாள். ராக்காயியிடம் சொன்னது மைக்கில் சொன்ன மாதிரிதான். அடுத்த நாள் காலையிலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் ராக்காயியே வந்தாள். "அந்த ஒண்ணு நான் போட்டதுடி," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஜீவராணி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடிப்பதற்குள் மேல் லயத்துக்காரி வந்து, "அது நான் போட்டது மதினி," என்றாள். மத்தியானம் கணக்கப்பிள்ளை வந்தார். சாயங்காலம் பூசாரி வந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்ற பாதிப்பேர் அந்த ஒரு ஓட்டைத் தாங்கள்தான் போட்டதாகச் சொன்னார்கள். இவ்வளவு பேர் போட்ட ஓட்டு எப்படி ஒன்றாகச் சுருங்கியது என்று கேட்டால், "மத்தவங்க பொய் சொல்றாங்க," என்றார்கள். ஓட்டுப் போட்ட உரிமையில் ஒருத்தி அவரைக்கொடி நாற்று கேட்டாள். ராக்காயி கேத்தலையே கேட்டாள். "ஒனக்கு இனிமே எதுக்கு அது?"

ஜீவராணிக்கு வெறுத்துப்போனது. ஒருத்தர்கூட வராமல் இருந்திருந்தால் தேடியாவது கண்டுபிடித்திருப்பாள். எல்லாரும் வந்துவிட்டால் யாரை நம்புவது?

அந்த வாரமே தோட்டத்துக்குள் அம்மை வந்தது. முதலில் ராக்காயியின் மகள் மேலில் முத்துப் போட்டது. அப்புறம் கணக்கப்பிள்ளை வீட்டில். அப்புறம், கேட்டால் நம்பமாட்டீர்கள், ஜெயித்த சன்னாசிக்கே போட்டுவிட்டது. சபையில் போய்ப் பதவிப் பிரமாணம் எடுக்க வேண்டிய மனுஷன், வேப்பிலையில் படுத்துக்கொண்டு சொறிய முடியாமல் உருண்டார். மருத்துவமாது வந்து பார்த்துவிட்டு, இது பரவுகிற காய்ச்சல், பிள்ளைகளைத் தனியாக வையுங்கள் என்று சிங்களத்திலும் தமிழிலும் சொன்னாள். சனம் பவ்வியமாகத் தலையாட்டியது. அவள் போனதும், "சூடம் தப்புனா ஆத்தா விடுவாளா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் கூடினார்கள். பூசாரி பரிகாரம் சொன்னார்: சத்தியம் தப்பினவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து, ஆத்தாவிடம் குற்றத்தை ஒத்துக்கொண்டு, இன்னொரு சூடம் அணைக்க வேண்டும். தப்பாதவர்கள் வரக் கூடாது. பொய்யாக ஒதுங்கி நின்றால் அம்மை கண்ணுக்குள் போடும்.

ஜீவராணி மனதுக்குள் கணக்குப் போட்டாள். மனுஷரிடம் புளுகலாம், ஆத்தாவிடம் புளுகக் கூடிய ஆள் இந்த லயத்தில் இல்லை. இன்றைக்கு வரிசைக்கு வராமல் நிற்பவர் யாரோ, அவர்தான். கோயில் படியோரமாக நின்று கண் இமைக்காமல் பார்த்தாள்.

காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நிற்கிற மாதிரியே வரிசை கட்டினார்கள். முதல் சூடத்தைப் பூசாரியே அணைத்தார். அணைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்ப் பூசாரியாக நின்றுகொண்டார். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு சன்னாசி வந்தார். கணக்கப்பிள்ளை வந்தார். மேல் லயத்துக்காரி வந்தாள். ராக்காயி வந்தபோது மட்டும் ஜீவராணிக்குக் கண் கலங்கியது. 'நீயுமாக்கா?' ராக்காயி தலையைக் குனிந்துகொண்டே போய்ப் படாரென்று அடித்தாள்.

கடைசியில் அவளைத் தவிர வரிசையில் சேராமல் நின்றது இரண்டே பேர். ஒன்று ராசிக் நானா. அவருக்கு ஓட்டு வட்டவளை டவுனில், இங்கே வந்தது சூடம் விற்க. இன்னொன்று அழகன். கானுக்கு மேலே போட்ட பாலத்துக் கட்டின் மேல் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

ஜீவராணிக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தேடின ஆளும் கிடைக்கவில்லை, இந்த மனுஷன் ஆத்தாவுக்கும் பயப்படாமல் வெற்றிலை மெல்லுகிறான்!

"யோவ்! எனக்குப் போடலங்குறது ஊருக்கே தெரியும். சாமிகிட்டயுமா வீம்பு? கண்ணுல அம்மை போட்டா யாருய்யா ஒன்னயப் பாப்பா? போய்த் தொலைஞ்சு அடிச்சிட்டு வாயேன்!"

அழகன் வெற்றிலையைத் துப்பினான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

"நான் எதுக்கு அடிக்கணும்? எவனுக்கும் நான் சூடம் அணைச்சதில்ல. நான்தான் ஒனக்குப் போட்டேனே."

"பொய்!"

"ஆத்தா சத்தியமாப் போட்டேன். மைக்குல என்னைய அசிங்கப்படுத்துனது வேற கத. அந்தக் கானப் பத்திப் பேசுன பாரு, அது ஞாயம். அதுக்குப் போட்டேன்." எழுந்து நின்று சாரத்தை மடித்துக் கட்டினான். குரல் உயர்ந்தது. "ஆனா எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல புள்ள. நான் போட்டது ஒண்ணு. நீ போட்டது ஒண்ணு. ரெண்டு வரணுமே? அசிங்கம் கிசிங்கம்னு சும்மா வெளிய சொல்லிக்கிட்டிருக்கன்னு எனக்குத் தெரியாதா? எவனோ ஒன் ஓட்டக் களவாண்டிருக்கான். நாளைக்கு லீவு சொல்லிட்டேன். நுவரெலியாவுக்குப் போயி எலக்சன் நடத்துன பெரிய தொரைகிட்டயே கேக்கப் போறேன், எம் பொண்டாட்டி ஓட்டு எங்கடான்னு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தோட்டம் பூராவும் தேடின முகம் தினமும் உப்பில்லாத கறியைத் தின்றுகொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. அந்த ஓட்டுக்குத் துணையாக ஒன்று விழுந்திருக்க வேண்டும். அதைக் கொண்டுபோய்க் குடைக்குள் போட்டது யார்?

"போவாதீங்க," என்றாள். "யாரும் களவாடல."

அவன் புரியாமல் நின்றான். அவள் வரிசையின் வாலில் போய் நின்றாள். அவள் முறை வந்ததும் பூசாரி திகைத்துப் போனார். "நீ எதுக்கு தாயி? நீ தப்புன சத்தியம் என்ன?"

"நான் தப்பல சாமி. சன்னாசி அண்ணனுக்கு அணைச்சேன். அவருக்கே போட்டேன்."

போர்வைக்குள்ளிருந்து சன்னாசி, "அடக் கடவுளே, நீயா?" என்று முனகினார். சிரிப்பதற்கு வாயெடுத்த ஒருத்தனை ராக்காயி முழங்கையால் இடித்தாள்.

"தப்பாட்டி அடிக்கக் கூடாதே தாயி," என்றார் பூசாரி பரிதாபமாக. "அதுக்குப் பரிகாரம் கெடையாதே."

"கெடையாட்டி பரவால்ல. கொளுத்துங்க." அவர் தயங்கியதும் அவளே நெருப்புக்குச்சியைக் கிழித்துச் சூடத்தைப் பற்ற வைத்தாள். அழகனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓங்கி அடித்தாள். பார்வை அங்கே இருந்ததால் கை சரியாக விழவில்லை, விளிம்பில் சுட்டுவிட்டது. "ஸ்ஸ்" என்று உதறினாள்.

அழகன் மெதுவாக நடந்து வந்தான். அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, வாயால் ஊதினான்.

"அடுத்த தடவ நீயும் ஒனக்குப் போடு புள்ள," என்றான். "ரெண்டாச்சும் வரட்டும்."