ஒரே கட்டியாய் இறால்

இறால் விஷயத்தில் அவர் வாயைத் திறந்தால் மூட மாட்டார். புரதம் நிறைய, கொழுப்பு கம்மி, தைராய்டுக்குத் தேவையான அயோடின் என்று ஆரம்பிப்பார். தலை உடம்போடு இறுக ஒட்டியிருக்கணும், ஓட்டில் கரும்புள்ளி கூடாது, கடல் வாசனை வரலாம், நெடி வரக் கூடாது என்று முடிப்பார். அந்த வாயால்தான் அக்காவோடு பேச்சு நின்றது. அவள் வீட்டு விருந்தில், புதுச் சம்பந்திகள் எதிரே, இறால் தட்டை முகர்ந்து பார்த்து "இது பழசு, அக்கா" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அக்கா இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை.

இப்போது அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வருவாளாம், மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாளாம். அதற்குள் அவளைத் தன் வீட்டில் ஒரு வாய் சாப்பிட வைத்துவிட வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் வேண்டும். வெள்ளிக்கிழமையே சந்தைக்கு ஓடினார். ஒவ்வொரு இறாலாகப் புரட்டிப் பார்த்ததில் கடைக்காரர் பொறுமையிழந்து, "சார், வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்றார்.

காற்றுப் படாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். வெளியே எடுப்பது எப்படி என்ற பகுதியைப் படிக்கவில்லை.

"சின்னச் சின்ன டப்பாவுல பிரிச்சு வைங்களேன்" என்றாள் மனைவி.

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று பெரிய பாத்திரத்தில் மொத்தமாகக் கொட்டினார்.

ஞாயிறு மதியம் அக்கா கூடத்தில் உட்கார்ந்திருக்க, சமையலறையில் இறால் ஒரே கட்டியாகக் கிடந்தது. குழாயடியில் காட்டினார். கரண்டியால் தட்டினார்.

"என்னடா அங்க, வீடு கட்டுறியா?" என்று அக்கா குரல் கொடுத்தாள்.

பதற்றத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். மேலே இருந்தவை அங்கேயே வெந்துவிட்டன, நடுவில் இருந்தவை அசையவே இல்லை. அவற்றை உடைத்தெடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வேகவைத்துத் தட்டில் போட்டபோது பஸ்ஸுக்கு அரைமணி நேரம்கூட இல்லை. ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தார். ரப்பர். போச்சு, மானம் கப்பலேறியாச்சு. இன்றைக்கு அக்காவின் முறை, என்ன சொன்னாலும் தகும் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மென்றாள். வெகுநேரம் மென்றாள். பிறகு தம்பி மனைவியிடம் தட்டை நீட்டினாள்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு வை."

"அக்கா, அது வந்து..."

"வாய மூடிட்டுச் சாப்பிடுடா."

வெட்கம் பிடுங்கித் தின்றது. இறாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அவர் சாப்பிட்டது அன்றைக்குத்தான். மூன்று மணி பஸ் போனபோதும் அக்கா மென்றுகொண்டுதான் இருந்தாள்.