அலுமினிய வீட்டில் பால் பொங்கிய நாள்

புது வீடு என்றால் பால் காய்ச்ச வேண்டும். புது வாகனம் என்றால் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்க வேண்டும். இந்த இரண்டும் எங்கள் சனத்துக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் வீடும் வாகனமும் ஒன்றாய்ச் சேர்ந்து முற்றத்தில் வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.

என் கணவர் வாகீசன் வாங்கி வந்த சாமான் அப்படிப்பட்டது. பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற அலுமினியக் கேம்பர். 1968 இல் செய்தது, என்னைவிட ஆறு வயது மூத்தது. உள்ளே கட்டில், மேசை, கைகழுவும் தொட்டி, மூன்று வாய் காஸ் அடுப்பு எல்லாம் உண்டு, சில்லு மட்டும் இல்லை. பீற்றர்பரோவுக்கு அங்கால் ஒரு தோட்டக்காரரிடம் அதை வாங்கியபோது உள்ளே கோழிகள் குடியிருந்தன. நான் அதைத் தகரப்பெட்டி என்றுதான் சொல்வேன். அவருக்கு மூக்குநுனியில் கோபம் வரும். அதற்காகவே சொல்வேன்.

அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டு முன்றிலில் இரண்டு கோடை அந்தப் பெட்டி நாலு ஜாக்கிக் காலில் நின்றது. தகட்டை ஆணி ஆணியாய்க் கழற்றினார். உள்ளே மரச்சட்டம் உக்கி, விரல் வைத்தால் புட்டுமாவாய் உதிர்ந்தது. புதுச் சட்டம் அடித்தார், கூரைப் பொருத்துகளுக்குப் பசைப்பட்டி போட்டார். பிறகு மேலே ஏறிக் குழாயால் தண்ணீர் அடிப்பார். நான் உள்ளே ரோச் லைற்றோடு நின்று ஒழுகுது, ஒழுகேல்லை என்று கத்த வேண்டும். மூன்று முறை ஒழுகியது. நான்காம் முறை ஒழுகவில்லை. அன்று கூரையிலிருந்து இறங்கி வந்தவர் நனைந்த கையோடு என் கன்னத்தைக் கிள்ளினார். அயல் வீட்டு றொனால்ட் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டார்.

எனக்கு உண்மையில் அந்தத் தகரப்பெட்டியில் கோபம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் இவருக்கு மாரடைப்பு வந்தது. பதினெட்டுச் சில்லு லொறியில் வினிப்பெக் வரை போய்வந்த மனுசன், லொறியை விட்டுவிட்டு நாலு மாதம் ஜன்னலடியில் குந்தியிருந்தார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்க மாட்டார். எனக்குப் பயம் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அவர் கண்ணயர்ந்தால் மூக்குக்குக் கீழே கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அது அவருக்குத் தெரியாது. பெட்டி வந்த பிறகுதான் மனுசன் திரும்பவும் பசிக்குது என்றார், திரும்பவும் என்னோடு சண்டை பிடித்தார். அந்தக் கோழிப் பீ நாற்றத்துக்கு நான் கோயில் கட்டியிருக்க வேண்டும்.

வேலை முடிந்து முதற்பயணம் போகிற நாள் வந்தது, ஒரு சனிக்கிழமை. கோயிலில் பூசை, அங்கிருந்து அப்படியே அல்கொன்குவின் காட்டுக்கு. பால் காய்ச்சாமல் போகக்கூடாது என்று அவருடைய அக்கா ஜெயமலர் மச்சாள் காலை ஏழு மணிக்கே அஜின்கோர்ட்டில் இருந்து பானையோடு வந்து இறங்கினா.

"ராத்தங்கிற இடம் எண்டால் வீடுதான். ஒன்பதேகாலுக்கு ராகுகாலம். அதுக்கு முதல் பொங்கி, வெளிக்கிட்டிட வேணும்," என்றா.

கேம்பருக்குள் சாம்பிராணி போட்டு, பிள்ளையார் படம் வைத்து, பானையை அடுப்பில் ஏற்றினா. வாகீசனுக்குப் பழைய அடுப்பு அணையாமல் எரிய வேண்டுமே என்ற கவலை. வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். எட்டே முக்காலுக்குப் பால் நுரைத்து ஏறியது. மச்சாள் கையால் எங்களை விலக்கிவிட்டு, கிழக்குப் பக்கமாய் வழிகிறதா என்று குனிந்து பார்த்தா. வழிந்தது. நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். ஆளுக்கொரு வாய் பால் குடித்தோம். பிறகு ஒரே அந்தரம், ராகுகாலம் துரத்திக்கொண்டு வந்ததே.

இவர் லொறி ஓட்டின ஆள். வெளிக்கிட முதல் பார்க்க வேண்டிய ஏழு விசயத்தை எழுதிக் கேம்பர் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தார். பெட்டியைப் பிக்கப்போடு கட்டிய நாலு சங்கிலியும் இறுக்கமா, ஜாக்கிக் கால் நாலும் மேலேயா, கூரை மூடி பூட்டா என்று போகும். ஐந்தாவது, காஸ் சிலிண்டரின் திருகைத் திருப்பிப் பூட்டுவது. அது என் பொறுப்பு. சிலிண்டர் வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவுக்குள் இருக்கும், குனிய வேண்டும். நான் சேலை கட்டியிருந்தேன். பிறகு பூட்டுவோம் என்று சிவப்புப் பேனையால் சரியென்று ரிக் போட்டுவிட்டுக் காருக்குப் போனேன். காரில் மச்சாள் தேசிக்காய்ப் பையைத் தேடி எல்லாவற்றையும் கிளறிக்கொண்டிருந்தா. அதோடு சிலிண்டர் என் நினைவில் இருந்து கழன்று போயிற்று.

இவர் பிக்கப்பில் முன்னால் போக, நானும் மச்சாளும் காரில் பின்னால் போனோம். நாலு சந்தி தாண்டவில்லை, தேங்காய் வரவில்லை என்று மச்சாள் நெற்றியில் அடித்தா. அஜின்கோர்ட்டில் இறங்கித் தமிழ்க் கடையில் வாங்கி, திரும்ப 401 நெடுஞ்சாலையில் ஏறினோம். அவர் இருபது நிமிடம் முன்னால் போய்விட்டார்.

மச்சாள் தேங்காயை மடியில் வைத்து, பூரிப்போடு சொன்னா, "என்ன வடிவாப் பொங்கினது, நிலாணி! பொங்கின பொங்கிலை அடுப்பே நூர்ந்து போச்சு எண்டால் பாரன்."

"என்ன மச்சாள்? அடுப்பு நூர்ந்ததோ?"

"ஓம். நல்ல சகுனம்தானே. நான் பானையை இறக்கி வைச்சன்."

"குமிழைத் திருப்பிப் பூட்டினனீங்களோ?"

"எந்தக் குமிழ்? என்ரை வீட்டிலை கரண்ட் அடுப்பெல்லே."

அந்த அடுப்பு அறுபத்தெட்டாம் ஆண்டு அடுப்பு. நெருப்பு அணைந்தால் காஸை நிறுத்துகிற புத்தி அதற்குக் கிடையாது. குமிழ் திறந்து கிடக்கிறது, சிலிண்டரை நான் பேனையால் மட்டும் பூட்டியிருக்கிறேன். ஒரு துளி ஒழுகாமல் இரண்டு கோடை பார்த்துப் பார்த்து அடைத்த பெட்டி. அதற்குள் காஸ் நிரம்பிக்கொண்டிருக்கிறது. கோயிலில் ஐயர் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு உள்ளே ஏறப் போகிறார். பக்கத்தில் இவர் நிற்பார். தகரப்பெட்டி போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம். மாரடைப்பிலிருந்து கெஞ்சிக் கூத்தாடி மீட்ட மனுசனை எங்கே வாங்குவது?

மச்சாளை அவருக்குப் போன் அடிக்கச் சொன்னேன். மணி அடித்து அடித்து நின்றது. வண்டி ஓட்டும்போது போனை டாஷ்போர்ட் பெட்டிக்குள் போட்டுப் பூட்டுகிற நல்ல சாரதி எனக்கு வாய்த்த புருசன். ஏழு முறை அடித்தோம். கோயிலுக்கு அடித்தால் ஒரு குரல் பூசை நேரங்களை நிதானமாய் வாசித்தது. மச்சாள் இப்போது அழத் தொடங்கினா. நான் 404 இல் ஏறினேன். எவ்வளவு வேகத்தில் ஓடினேன் என்று இங்கே எழுத மாட்டேன்.

பேவியூ தெருவில் கடைசிச் சிவப்பு விளக்கில் நின்றபோது, "911 அடிக்கட்டோ?" என்றா மச்சாள்.

"அடியுங்கோ!" என்றேன். அவ இலக்கத்தை அமர்த்துவதற்குள் பச்சை விழுந்தது. கோயில் வளவுக்குள் திரும்பினேன்.

வாகனம் நிறுத்துகிற இடத்தின் மூலையில், வெயிலில் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு பெட்டி நின்றது. ஐயர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். அவர் கைத்தட்டில் கற்பூரம் எரிந்தது. வாகீசன் கதவின் கைபிடியில் கை வைத்திருந்தார்.

நான் காரை நடுவழியில் விட்டு இறங்கி ஓடினேன். "ஐயா! உள்ளை போகாதேங்கோ! காஸ்! காஸ்!"

ஐயர் பின்னால் துள்ளினார். தட்டு கையை விட்டு விழாதது பிள்ளையார் புண்ணியம்.

"என்னப்பா இது? என்ன காஸ்?" என்றார் வாகீசன்.

"அடுப்பு நூர்ந்து போச்சு. சிலிண்டர் திறந்து கிடக்கு. நான் பூட்டேல்லை. பூட்டாமல்தான் ரிக் போட்டனான்!"

"சிலிண்டர் பூட்டித்தான் கிடக்கு."

"நான் பூட்டேல்லை எண்டு சொல்லுறன்!"

"நீர் பூட்டேல்லை எண்டு எனக்குத் தெரியும். நான் பூட்டினனான். அடுப்புக் குமிழையும் பூட்டி, கதவைத் திறந்து காத்தாட விட்டிட்டுத்தான் வெளிக்கிட்டனான். நீங்கள் ரெண்டு பேரும் காருக்குள்ளை தேசிக்காய் தேடிக்கொண்டு நிண்டனீங்கள்."

நான் நம்பவில்லை. சின்னக் கதவைத் திறந்து, சேலையோடு மண்டியிட்டு, சிலிண்டரின் திருகைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இறுக்கமாய்ப் பூட்டியிருந்தது. அந்தக் குளிர்ந்த இரும்பைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். இவ்வளவு சந்தோசமாய் நான் அழுததே கிடையாது.

ஐயர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "அம்மா, இனிக் கற்பூரம் காட்டலாமோ?"

"காட்டுங்கோ ஐயா. ஆனால் வெளியாலை நிண்டு காட்டுங்கோ," என்றேன்.

பூசை நடந்தது. பிக்கப்பின் நாலு சில்லும் நாலு தேசிக்காயை நசித்தன. மச்சாள் கண்ணைத் துடைத்துவிட்டு, பால் பொங்கினால் ஒரு தீங்கும் வராது என்று தான் முதலே சொன்னதாய் ஐயருக்கு விளங்கப்படுத்தினா. ஐயர் தலையாட்டிவிட்டு அடுத்த கலியாணத்துக்கு ஓடினார்.

அழுகை நின்றதும் எனக்குக் கோபம் வந்தது. கோயில் பொங்கலை வாழையிலையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"எனக்குப் பின்னாலை வந்து வந்து பாக்கிறனீங்களோ?"

"ஓம்."

"எத்தினை நாளாய்?"

அவர் வாயில் இருந்த பொங்கலை விழுங்கினார். "கலியாணம் கட்டின நாளிலை இருந்து. வீட்டுக் கதவு, இஸ்திரிப்பெட்டி, பைப். எல்லாம்தான்."

"இருபத்தினாலு வருசம்! ஒரு வார்த்தை சொன்னனீங்களோ?"

"சொன்னால் நீர் சண்டைக்கு வருவீர்."

சண்டைக்குத்தான் வந்திருந்தேன். ஆனால் என் பொங்கலில் பாதியை அவர் இலையில் வைத்தேன்.

பொங்கல் உண்ட களை. காடு மூன்று மணித்தியால ஓட்டம், கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டுப் போவோம் என்று அவர் கேம்பருக்குள் ஏறிப் படுத்தார். மச்சாள் யாருடனோ எங்கள் காரில் வீட்டுக்குப் போய்விட்டா. நான் உள்ளே போய்க் கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன். ஐந்தாம் இலக்கத்தில் என் சிவப்பு ரிக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு ரிக் சின்னதாய் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவர் அசையாமல் கிடந்தார். வழக்கம்போல மெல்லக் குனிந்து மூக்குக்குக் கீழே கையை வைத்தேன். சூடாய் மூச்சு வந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வருதுதானே?" என்றார். "அப்ப ஒரு ரிக்கைப் போட்டிட்டு வந்து நீரும் படும்."