கூடிக்கொண்டே போன கோபுரங்கள்

தம்பியின் காலடியில் குவிந்த மாலைகளைச் சுதர்சினி ஒதுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மூன்று பேரும் வந்து நின்றார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியின் கீழே, வாகனம் விடும் இடத்தில் ஹரிசனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். யார் இவர்கள் என்று சொந்தக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கொட்டாஞ்சேனை பேர்னாட், மக்கீன், ஷிஹாரா. சனிக்கிழமைதோறும் பேர்னாட் வீட்டு மேசையைச் சுற்றியிருந்து, பகடை உருட்டி, வீரன், மந்திரவாதி, பூதம் என்று கதைகட்டி விளையாடும் கூட்டம். ஹரிசனும் அதில் ஒருவன். கலியாண வயது தாண்டியவனுக்கு இது என்ன கூத்து என்று அவளுக்கு எப்போதும் எரிச்சல்தான். சிறுநீரகம் பழுதாகி அவன் வீட்டோடு முடங்கியபோது, இனி இங்கே வைத்து விளையாடுவோமா என்று கேட்டான். ஆக்கள் வந்து போனால் நல்லது என்றுதான் டொக்டரும் சொன்னார். அவள் அசையவில்லை. இது வீடு, கிளப் இல்லை என்று ஒரே போடாகப் போட்டாள். அவன் அதோடு அந்தக் கதையை விட்டுவிட்டான். விட்டது தொல்லை என்று அவளும் நிம்மதியாக இருந்துவிட்டாள்.

சிவமணி மாமி மூக்கைச் சிந்தியபடி, பெற்ற தாய்கூட இவளைப்போல் பார்த்திருக்க மாட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அதுதான் சுதர்சினிக்கு ஆறுதலாக இருந்தது.

பேர்னாட் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கதைத்தான். போன்வழி தொடர்ந்த விளையாட்டில் ஹரிசனின் வீரன் கோட்டை கட்டிக்கொண்டிருந்தானாம். கட்டுகிறவன் வேலை முடியும்வரை அந்த இடத்தைவிட்டு அசையக்கூடாது, அசைந்தால் வேலை நின்றுபோகும் என்பது சட்டம். கோட்டை முடிந்ததும் என் வீட்டில்தான் விளையாட்டு, அதுவரை ஒருவரும் வரவேண்டாம் என்று ஹரிசன் போனில் சொல்லியிருக்கிறான். ஆள் கூடினால் கட்டுகிற காலம் குறையும் என்றும் சட்டமிருக்கிறது. அவனைப் பார்க்கிற அவசரத்தில் இவர்கள் மூவரும் போரையெல்லாம் போட்டுவிட்டு, தங்கள் வீரர்களைக் கல் சுமக்க அனுப்பியிருக்கிறார்கள்.

"முடியப் போற நேரம் பாத்து இன்னொரு கோபுரம் வேணும்பான், அக்கா," என்றான் பேர்னாட். "ஒவ்வொரு தடவையும் அப்பிடித்தான். அவ்வளவு பெரிய கோட்டை எதுக்குன்னு எங்களுக்கு விளங்கவே இல்ல."

சுதர்சினிக்கு விளங்கியது. அக்கா விடமாட்டாள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்காமலிருக்க, படுத்த படுக்கையில் கிடந்து கோபுரத்துக்கு மேல் கோபுரமாகக் கூட்டியிருக்கிறான். அவளுக்குக் காது இரண்டும் சுட்டது.

"அவனுக்குச் சின்னனிலையிருந்தே பெரிய ஆசையள்," என்றாள்.

சொன்ன வாய் கூசியது. செத்தவன் தலையிலேயே பழியைப் போட்டாயிற்று. சீ, நானும் ஒரு மனுசியா என்றிருந்தது.

ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். பேர்னாட்டும் மக்கீனும் ஆளுக்கொரு பக்கம் கைகொடுத்து, கனத்தை மயானத்துக்குக் கூடவே போனார்கள். பெண்கள் சுடலைக்குப் போகிற வழக்கமில்லை. அவர்களோடு நின்றுகொண்ட ஷிஹாரா, அவன் இருந்த அறையை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டாள். இதையாவது செய்வோம் என்று சுதர்சினி அவளை லிப்டுக்கு அருகே கூட்டிப் போனாள்.

காவலுக்கிருந்த இராமர் கதிரையை விட்டு எழுந்து வந்தார். பாவம், சொன்ன சொல் தப்பாத மனுசர்.

"அம்மா, தம்பியோட கூட்டாளிங்க யாரு வந்தாலும் மேல விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க," என்றார். "இப்ப விடலாங்களா?"

ஷிஹாரா திரும்பி அவளைப் பார்த்தாள். கோபித்திருந்தால்கூடச் சுதர்சினி தாங்கியிருப்பாள். ஷிஹாராவோ கோபுரங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறவள்போல மெல்ல விரல்களை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"விடுங்கோ," என்று சொல்லத்தான் சுதர்சினி வாயைத் திறந்தாள். அதற்குப் பதிலாகக் கை லிப்ட் பொத்தானைத்தான் அழுத்தியது.

லிப்ட் வந்து கதவு திறந்தது. இரண்டு பேரும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் திறந்தபடி நின்றுவிட்டு அது தானாக மூடிக்கொண்டது.